உடைந்த இடமும் உடைத்த இடமும்
பழைய பவர் டில்லரில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் பற்றி ஒரு விளக்கம்

சங்கத் தமிழில் 'உழுவை' என்னும் சொல் புலியைக் குறிக்கும். இக்காலத்தில் உழுகின்ற பொறிக்கு 'விசை உழுவை' என்று பெயர் சூட்டி எழுதுவோர் உண்டு. ஆயினும் வயலிலும் பட்டறையிலும் வழங்கும் பெயர் 'பவர் டில்லர்' என்பதே. சிற்றூர் உழவர் அதனைச் சுருக்கி 'டில்லர்' என்பர். இரண்டு சக்கரங்கள், முன்னே ஓர் எஞ்சின், பின்னே மண்ணைக் கிளறும் கத்திகள், அவற்றுக்கும் பின்னே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடக்கும் மனிதன் என்னும் இவ்வளவே அதன் உருவம். பெரிய டிராக்டர் இறங்க முடியாத சிறு வயல்களிலும், வரப்பு நெருங்கிய வயல்களிலும், தென்னந்தோப்பின் இடைவெளிகளிலும் இது நுழைந்து வேலை செய்யும்.

இப்பொறி பழையதாகும்போது ஒரு வகைத் துன்பம் தொடங்குகிறது. ஒரு பாகம் உடையும், புதிதாக மாற்றுவார்கள், சில நாளில் அதே பாகம் மீண்டும் உடையும். எஞ்சின் நன்றாகவே ஓடும். ஆனால் அதன் ஆற்றல் சக்கரத்திற்கும் கத்திக்கும் போய்ச் சேரும் வழியில் எங்கேனும் ஓர் இடம் ஓயாமல் பழுதாகும். 'வண்டிக்கு வயதாகிவிட்டது' என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்வது வழக்கம். வயது ஒரு காரணமே. ஆனால் பெரும்பாலும் முதற்காரணம் அன்று. அம்முதற்காரணத்தைத் தேடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி வந்த வழி

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உருப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் கான்ராட் வான் மேயன்பர்க் இத்தகைய கருவிக்கு உரிமம் பெற்றார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உழவர் குடும்பத்தில் வளர்ந்த ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912 ஆம் ஆண்டிலேயே சுழல் கலப்பைச் சோதனைகளைத் தொடங்கி, 1922 இல் அதனை உற்பத்தி செய்யும் நிறுவனத்தையும் அமைத்தார். நெல் விளையும் சிறு வயல்களுக்கு ஏற்ற நடைப்பொறியாக இதனைப் பெருவழக்காக்கியவர்கள் ஜப்பானியர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950களிலும் 60களிலும் அந்நாட்டு வயல்களில் இது வேகமாகப் பரவிற்று.

ஜப்பானியத் தொழில்நுட்பம் ஒப்பந்தங்களின் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1967 இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனமும், குபோட்டா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1973 இல் கேரளத்து அத்தாணியில் கேரள அரசின் 'காம்கோ' நிறுவனமும் தோன்றின. இவ்விரு மரபுகளைச் சேர்ந்த பொறிகள் தென்னிந்திய வயல்களில் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன.

ஆற்றல் செல்லும் பாதை

பழுதைத் தேடுமுன் பாதையை அறிதல் வேண்டும். மாதிரிக்கு மாதிரி சிறு வேறுபாடுகள் இருப்பினும் பொதுவான அமைப்பு ஒன்றே. எஞ்சினின் சுழற்சியை இரண்டு மூன்று பெல்ட்டுகள் கிளட்சின் புல்லிக்குக் கொண்டு செல்கின்றன. கிளட்ச் அதனைப் பற்சக்கரப் பெட்டிக்குக் கொடுக்கிறது. பெட்டிக்குள் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, திருப்புவதற்கான இரண்டு பக்கக் கிளட்சுகளின் வழியே இரு சக்கரங்களுக்கும் செல்கிறது. மற்றொரு கிளை பின்னால் உள்ள ரோட்டரிக்குச் சென்று கத்தித் தண்டைச் சுழற்றுகிறது.

இப்பாதையில் எவ்வளவு விசை ஓடுகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். எஞ்சின் 13 குதிரைத்திறன் உடையது. நிமிடத்திற்கு 2400 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். அதன் தண்டில் பிறக்கும் முறுக்குவிசை சுமார் 38 நியூட்டன் மீட்டர். கத்தித் தண்டு நிமிடத்திற்கு 240 சுற்றுகள் சுற்றுமானால், வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்தமையால், இடைப்பட்ட இழப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், முறுக்குவிசை பத்து மடங்காகப் பெருகி 380 ஆகும். தண்டின் நடுவிலிருந்து 22 செ.மீ. தொலைவிலுள்ள கத்தி நுனியில் இது ஏறத்தாழ 175 கிலோ எடைக்கு நிகரான விசையாகும். ஒரே கத்தி கல்லிலோ வேரிலோ மாட்டினால் இவ்வளவும் அந்த நுனியில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே விசை தருகிறது. 2400 சுற்றுகளில் 1200 முறை, அதாவது நொடிக்கு 20 முறை, அது பாதை முழுவதையும் தட்டுகிறது. ஒரு மணி நேர உழவில் 72,000 தட்டுகள்! நேராக இருக்கும் பாகம் இதைத் தாங்கும். நூலளவு சாய்ந்த பாகத்தை இத்தட்டுகளே தேய்த்து, தளர்த்தி, கடைசியில் முறித்துவிடும்.

ஆகவே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய முதல் உண்மை யாதெனில், பாதை ஆற்றலை மட்டும் கடத்துவதில்லை, குறையையும் கடத்துகிறது. ஓரிடத்தில் பிறந்த குறை, அதற்கு அப்பால் உள்ள வலிமை குன்றிய இடத்தில் வெளிப்படுகிறது. உடைந்த இடம் வேறு. உடைத்த இடம் வேறு.

ஒரு குறுவையில் நடந்தது

இதற்குச் சான்றாக வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உள்ள எங்கள் ஊரில் நடந்த ஒன்றைக் கூறலாம். ஒரு பெரியவர் தம் நான்கு ஏக்கருக்காகவும், அண்டை வயல்களைக் கூலிக்கு உழுது கொடுப்பதற்காகவும் பழைய டில்லர் ஒன்றை வாங்கினார். விற்றவர் அதற்குப் புதுச்சாயம் பூசிப் பளபளப்பாகக் கொடுத்திருந்தார்.

மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போவதும் உண்டு. தண்ணீர் வந்துவிட்டால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் உழவு கேட்கும். அந்தப் பரபரப்பில் பெரியவரின் டில்லரில், ரோட்டரியின் வலப்பக்க ஆயில் சீல் போயிற்று. சீலைத் தாண்டிச் சேற்றுநீர் புகுந்து பேரிங்கும் போயிற்று. இரண்டையும் மாற்றினார்கள். பத்து நாளில் மீண்டும் அதே சீல், அதே பேரிங். மூன்றாம் முறையும் அவ்வாறே. இடையில் பெல்ட்டும் இருமுறை அறுந்தது.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. குறுகிய காலக் குறுவை நெல்லை இருபது இருபத்தைந்து நாள் நாற்றாக நட்டுவிட வேண்டும், முற்றிய நாற்று நன்றாகத் தூர் கட்டாது, விளைச்சல் குறையும். கூலிக்கு உழ ஒப்புக்கொண்ட வயல்காரர்கள் வேறு டில்லரைத் தேடிப் போனார்கள். வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவதென்று பெரியவர் முடிவு செய்தார்.

அப்போது பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரைச் சிலர் அழைத்து வந்தனர். அவர் வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"மூணு தடவையும் வலப்பக்கந்தானா ஐயா?"

"வலப்பக்கந்தான் தம்பி. இடப்பக்கம் ஒரு தடவைகூடப் போகல."

"கழட்டின பழைய சீல் இருக்கா?"

"அது எதுக்கு? தூக்கிப் போட்டாச்சு."

"இனிமே போடாதீங்க ஐயா. அதுதான் நமக்குச் சாட்சி."

பிறகு அவர் ரோட்டரியைக் கழுவச் சொன்னார். வலப்பக்கத் தண்டில் உர மூட்டையின் நைலான் இழைகள் இறுகச் சுற்றி, சீலின் வாய்க்குள் நுழைந்திருந்தன. சீலைக் கழற்றித் தண்டின்மேல் நகத்தை ஓட்டினார். நகம் ஒரு பள்ளத்தில் தடுக்கிற்று. பழைய சீலின் உதடு ஆண்டுக்கணக்கில் உரசி ஏற்படுத்திய பள்ளம் அது. புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பற்சக்கரப் பெட்டியின் மேலிருந்த சிறிய மூச்சுத்துளையைத் தேடினார். வண்டிக்குப் பூசிய புதுச்சாயம் அதை முழுவதும் அடைத்திருந்தது.

பெல்ட் அறுந்ததன் காரணமும் தெரிந்தது. எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்து, எஞ்சின் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. இரு புல்லிகளும் ஒரே கோட்டில் இல்லை.

துளையைத் திறந்து, தண்டின் பள்ளத்திற்குப் புறத்தே உதடு படியும்படி சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தி, எஞ்சினை நேராக்கி இறுக்கினார். வேலை ஒரு பகலில் முடிந்தது. முன்னர் மூன்று முறை செலவழித்ததில் ஒரு சிறு பங்கே செலவு. அந்தக் குறுவையும் அதற்கு அடுத்த தாளடியும் அந்த டில்லராலேயே உழப்பட்டன.

மூச்சுத்துளை அடைபட்டால் என்ன ஆகும்?

ஒரு சிறு துளை அடைபட்டதற்கும் சீல் கெடுவதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வினவலாம். விடை பள்ளியில் பயின்ற பௌதிகத்திலேயே இருக்கிறது.

வேலை செய்யும்போது பற்சக்கரப் பெட்டி சூடாகிறது. உள்ளிருக்கும் காற்று விரிகிறது. மூச்சுத்துளை திறந்திருந்தால் மிகுதிக் காற்று வெளியேறும். அடைபட்டிருந்தால் அழுத்தம் கூடி, எண்ணெயைச் சீலின் வழியே வெளியே தள்ளும். அதனினும் கேடானது பிறகு நிகழ்வது. வரப்பில் நின்று சூடேறிய பொறி குளிர்ந்த சேற்றுநீரில் இறங்குகிறது. அல்லது மாலையில் வயலிலேயே நிறுத்தப்படுகிறது. 70 டிகிரி செல்சியசில் இருந்த உட்காற்று 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதாவது, வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்திற்கு நிகரான இழுப்பு உண்டாகும். வயலில் தேங்கிய நீரோ ஒரு சாண்தான்! ஆயில் சீலின் உதடு உள்ளிருக்கும் எண்ணெயைத் தடுக்கவே அமைந்தது. புறத்திலிருந்து வரும் அழுத்தத்தை அது நெடுநேரம் தாங்காது. ஆகவே பெட்டி மூச்சை உள்ளிழுக்கும்போது சேற்றுநீரைக் குடிக்கிறது.

நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுக்கும். இரவு முழுதும் நிறுத்திய வண்டியில் காலையில் எஞ்சினை இயக்குமுன் அடிப்பக்கத் திருகை மெல்லத் தளர்த்தினால், எண்ணெயினும் கனமான நீர் முதலில் சொட்டும். வடித்த எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பார்த்தால் மின்னும் துகள்கள் தெரிகின்றனவா என்பதும் காணத்தக்கது. மிக நுண்ணிய சாம்பல் மண்டி இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் செதில்கள் இருப்பின் பேரிங்கோ பல்லோ உதிரத் தொடங்கிவிட்டது என்று அறிக.

சீலைப் பொருத்தும் முறையும் கருதத்தக்கது. சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவாமல் உலர்வாகப் பொருத்தினால் முதல் சில நிமிடங்களிலேயே அது கருகிவிடும். தண்டில் பள்ளம் ஆழமாயின் மெல்லிய உறை ஒன்றைத் தண்டின்மேல் ஏற்றலாம். அல்லது தண்டையே மாற்றலாம். பேரிங் தளர்ந்து தண்டு ஆடுமானால் எந்தச் சீலும் நிற்காது. அங்கே பேரிங்தான் முதற்குறை; சீல் அதன் பலி.

பெல்ட்டும் கிளட்சும்

பெல்ட் அறுந்தால் பெல்ட்டைப் பழிப்பது எளிது. உண்மையில் அது பல வேளைகளில் வண்டியைக் காக்கும் காவலாளி. கத்தி கல்லில் மாட்டும்போது பெல்ட் சற்று வழுக்கி அதிர்ச்சியைத் தான் ஏற்கிறது. 'வழுக்கக் கூடாது' என்று அதை அளவு மீறி இறுக்கினால், அதிர்ச்சி முழுதும் கிளட்சுத் தண்டின் பேரிங்குக்கும் பற்களுக்கும் போகிறது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். உற்பத்தியாளர் கையேடு வேறு அளவு கூறின் அதுவே கொள்ளத்தக்கது.

பெல்ட் மீண்டும் மீண்டும் அறுந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, புல்லிகளின் நேர். ஒரு நூலை இரு புல்லிகளின் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். இரண்டாவது, புல்லியின் பள்ளம். இவ்வகைப் பெல்ட் தன் இரு பக்கங்களால் பற்றுவதேயன்றி அடிப்பகுதியால் அன்று. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால், பக்கங்கள் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்பது பொருள். அந்தப் புல்லியில் எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் வழுக்கும், சூடேறும், அறும். மூன்றாவது, இணை. பழைய பெல்ட்டுகள் இரண்டோடு புதியது ஒன்றைச் சேர்த்தால், நீளம் குறைந்த புதியதே சுமை முழுவதையும் சுமக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம்.

வண்டி இழுக்காமல் நின்றால் வழுக்குவது பெல்ட்டா கிளட்சா என்னும் ஐயம் எழும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கையை வைக்காமல் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டை உணர வேண்டும். புல்லியின் பள்ளம் கொதித்து ரப்பர் கருகிய நாற்றம் வீசினால் பெல்ட். புல்லி இயல்பாக இருந்து கிளட்சின் உறை கொதித்தால் கிளட்ச். கிளட்சுத் தட்டுகள் அடிக்கடி தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் தட்டுகளில் இராது. நெம்புகோலுக்கு வேண்டிய தளர்ச்சி இல்லாமற் போவது, ஓட்டுநர் அதனை அரைகுறையாகப் பிடித்தபடியே நடப்பது, பக்கத்துச் சீல் கசிந்து எண்ணெய் படிவது ஆகியவையே காரணம்.

பக்கக் கிளட்சுகளிலும் இதே பாடம் உண்டு. கைப்பிடியின் கீழுள்ள பிடியை இழுத்தால் அப்பக்கச் சக்கரத்திற்குச் செல்லும் விசை அறுபட்டு வண்டி அப்பக்கம் திரும்பும். கம்பி மிகவும் இறுக்கமாக இருந்தால், பிடியை விட்ட பின்பும் உள்ளிருக்கும் கொக்கிப் பற்கள் முழுதும் கோத்துக்கொள்ளா. பாதி கோத்த நிலையில் சுமை ஏறினால் அவற்றின் முனைகள் மழுங்கும். பின்னர் 'டக் டக்' என்ற ஒலியோடு விசை நழுவும். பற்களை மாற்றிவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால் புதுப் பற்களும் மழுங்கும். கம்பிக்குச் சிறிது தளர்ச்சி கொடுக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை.

கத்திகளின் ஒழுங்கு

ரோட்டரிக் கத்திகளில் இடப்பக்கம் வளைந்தவையும் வலப்பக்கம் வளைந்தவையும் உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்கும்படி வரிசை அமைந்திருக்கிறது. அந்த வரிசையை மாற்றிப் பூட்டினால் இரண்டு மூன்று கத்திகள் ஒரே நேரத்தில் மண்ணை வெட்டும். அடுத்த கணம் எதுவும் வெட்டாது. பாதை முழுதும் குலுங்கும். உடைந்த கத்திக்கு மாற்றுப் போடாமல் ஓட்டுவதும், பாதி தேய்ந்தவற்றோடு புதியவற்றைக் கலப்பதும் இத்தகையனவே. கத்தியின் போல்ட் தளர்ந்தால் சங்கிலியோ பேரிங்கோதான் முதலில் ஓலமிடும். அதைக் கேட்டு நாம் சங்கிலியை மாற்றுகிறோம்!

தண்டு வளைந்திருக்கிறதா என்பதை அறிய, எஞ்சினை நிறுத்தி, ரோட்டரியைத் தூக்கி அண்டை கொடுத்து, ஒரு குச்சியைத் தண்டுக்கு மிக அருகே அசையாமல் நட்டுத் தண்டைக் கையால் சுற்ற வேண்டும். குச்சிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் தண்டு வளைந்தது. எஞ்சின் ஓடும்போது கத்தியருகே கை வைப்பதும், சுற்றிய வைக்கோலைக் காலால் உதைப்பதும் உயிருக்கும் உறுப்புக்கும் கேடு. எஞ்சினை நிறுத்தாமல் எந்த ஆய்வும் வேண்டா.

தேடும் முறை

மேலே கூறியவற்றிலிருந்து ஒரு முறையை வகுத்துக்கொள்ளலாம்.

1. கழுவிய பின் பார்க்க வேண்டும். சேறு பழுதை மறைக்கும்.

2. உடைந்த பாகத்தை எறியலாகாது. முறிந்த முகத்தைப் பார்த்தால் அதன் வரலாறு தெரியும். முகம் முழுதும் சொரசொரப்பாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் ஒரே அடியில் முறிந்தது. கல்லையோ வேரையோ தேட வேண்டும். ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்ட வரிகள்போல் வளைகோடுகளோடு இருந்து, எஞ்சிய பகுதி மட்டும் சொரசொரப்பாயின், சிறுகச் சிறுகக் களைத்து முறிந்தது. கோணலையோ தளர்ச்சியையோ தேட வேண்டும்.

3. பழுதான பாகத்திற்கு முன்னுள்ள ஒன்றையும் பின்னுள்ள ஒன்றையும் சோதித்த பின்பே புதியதைப் பூட்ட வேண்டும்.

4. எப்போதும் ஒரே பக்கம் பழுதாகுமானால் அப்பக்கத்திற்கே உரிய காரணத்தைத் தேட வேண்டும். இருபக்கமும் மாறி மாறிப் போனால் இருபக்கத்திற்கும் பொதுவான எண்ணெய், மூச்சுத்துளை, ஓட்டும் முறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. எந்நாளில், எத்தனை மணி உழவுக்குப் பின், எது போயிற்று, என்ன மாற்றப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். மூன்று வரி சேர்ந்தால் ஓர் உண்மை தோன்றும்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த முறையும் இதற்கு அயலானதன்று. வெளிப்பட்ட நோயோடு நில்லாமல் அதன் வேரைத் தேடுபவனே மருத்துவன். பட்டறைக்காரனுக்கும் அதுவே இலக்கணம்.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்ற இயலும் என்று கூறுவது பொய்யாகும். பற்சக்கரப் பெட்டியின் உடலில் பேரிங் அமரும் குழி தேய்ந்து நீள்வட்டமானாலோ, பெட்டி விரிசல் கண்டாலோ செலவைக் கணக்கிட்டு விடைகொடுப்பதே அறிவுடைமை. ஆனால் அடைபட்ட ஒரு துளைக்காகவும் தளர்ந்த ஒரு போல்ட்டுக்காகவும் நல்ல வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்புவது உழவனுக்கு நேரும் இழப்பு.

தமிழ் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இலக்கியம் பயிலும் நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர் உண்டு. பங்கு இருக்கிறது. பெரியவர் வாங்கிய டில்லரோடு வந்த கையேட்டை, பின்னர் ஒருநாள் அவர் வீட்டுப் பரணில் கண்டேன். மூச்சுத்துளையைத் துப்புரவாக வைக்க வேண்டும் என்னும் குறிப்பு அதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவருமிலர். படித்த நானும் அதுவரை அதைப் புரட்டிப் பார்த்தவன் அல்லேன். அந்த ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் மூன்று சீல்களும், மூன்று பேரிங்குகளும், ஒரு மாத மனவேதனையும் இல்லாமற் போயிருக்கும்.

ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னெ என்னும் ஊரில் மைய அரசின் பண்ணைப் பொறிப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. நம் மாநிலத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறை இருக்கிறது. திருச்சியை அடுத்த குமுளூரிலும் கோவையிலும் வேளாண்மைப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே உள்ள அறிவு வயலுக்கு வந்து சேரும் பாதையில் ஒரு கண்ணி மொழி. அது நழுவினால் முன்னே எவ்வளவு ஆற்றல் பிறந்தும் சக்கரம் சுழலாது.

மெக்கானிக்குகள் பேசும் சொற்களைத் தொகுக்கலாம். ஒவ்வொரு பொறிக்கும் நான்கு பக்கத்தில் எளிய தமிழ்க் குறிப்பு எழுதலாம். எழுதியதை ஓர் உழவரிடம் படித்துக் காட்டி, அவருக்கு விளங்காத சொல்லை மாற்றலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் தத்தம் ஊரில் ஒரு டில்லரின் அருகே ஒரு பகல் நின்று பார்க்கட்டும். எது அடிக்கடி உடைகிறது என்று கேட்கட்டும். பின்னர், எது அதனை உடைக்கிறது என்றும் கேட்கட்டும்.